சொந்த நம்பர், சொந்தப் பாஸ்வேர்டு: பெங்களூரில் கணினி கற்று வேலைக்குப் போக நினைக்கும் பெண்களின் கேள்விகள்

லிங்கராஜபுரம் பக்கம் ஒரு மாடி அறையில், மதிய நேரத்தில் பெண்களுக்குக் கணினி சொல்லித் தருகிறோம். ஆறு லேப்டாப், ஒரு பிரிண்டர், அவ்வளவுதான் சொத்து. வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டு வேலை செய்கிறவர்கள். மற்றவர்கள் கார்மெண்ட்ஸ், ஹவுஸ் கீப்பிங், கேட்டரிங். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே வந்தவர்களும் உண்டு, போன தீபாவளிக்குப் பிறகு வந்தவர்களும் உண்டு. கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சேர வருகிறவர்களுக்கும் ஆகும், தங்கள் தெருவில் இதே மாதிரி ஒன்று தொடங்க நினைக்கிறவர்களுக்கும் ஆகும்.

எட்டாவதோடு நின்றுவிட்டேன். வயது முப்பத்தெட்டு. எனக்கெல்லாம் கம்ப்யூட்டர் வருமா?

வரும். காய்கறிக்காரருக்கு போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறீர்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸாப்பில் வாய்ஸ் அனுப்புகிறீர்கள். அதே அறிவுதான் இங்கேயும் வேலை செய்யப் போகிறது.

மவுஸ் மட்டும் முதல் வாரம் பாடாய்ப் படுத்தும். கை ஒரு பக்கம் போகும், அம்புக்குறி வேறு பக்கம் போகும். போனில் பழகிய விரல் தன்னால் லேப்டாப் திரையைத் தடவப் போகும். எல்லோரும் சிரிப்பார்கள், நீங்களும் சிரித்துவிடுங்கள். இதற்கு நாங்கள் தரும் மருந்து விண்டோஸோடு வரும் சாலிட்டேர் சீட்டாட்டம். பிடித்து இழுத்து விடுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒரு அக்காவின் மாமியார் வந்து பார்த்துவிட்டு, "கிளாஸ்னு சொல்லிட்டு சீட்டு ஆடுறாளுங்க" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த விளையாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்லித் தருகிறோம்.

எந்த வேலை கிடைக்கும் என்பதற்குப் படிப்பு முக்கியம். கற்றுக்கொள்ள அது தடையில்லை.

சேர வந்தால் கம்ப்யூட்டரைக் காட்டாமல், "போன் நம்பர் யார் பெயரில் இருக்கு?" என்று ஏன் கேட்கிறீர்கள்?

வேலை நழுவுவது அங்கேதான். டைப்பிங் தெரியாமல் வேலையை இழந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஓடிபி வராமல் இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் இரண்டாவது அணியில் ஒரு அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்குத் தேர்வானார். முதல் நாள் போனதும் ஆதார் சரிபார்க்க ஓடிபி அனுப்பினார்கள். ஆதாரில் இருந்தது கணவரின் பழைய நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அது எப்போதோ செத்துப்போனது. துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது விதி. அப்படிக் கொடுத்தும் விட்டார்கள். ஓடிபி யாரோ முகம் தெரியாத ஒருவருடைய போனில் போய் விழுந்தது. அக்கா ஆதார் மையத்துக்கு அலைந்து நம்பர் மாற்றி வருவதற்குள் அந்த மேசையில் வேறு பெண் உட்கார்ந்துவிட்டாள்.

2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தான் பயன்படுத்தவென்று சொந்தமாக ஒரு போன் இருப்பதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுக்க 54 சதவீதம். இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். அதன் பிறகு போன் பெருகியிருக்கிறது, உண்மை. ஆனால் எங்கள் தெருவில் "போன் இருக்கு" என்றால் பல வீடுகளில் அதற்கு அர்த்தம், ஒரு போன் இருக்கிறது, காலையில் அது கணவரோடு வேலைக்குப் போகும், மாலையில் பையனோடு விளையாடப் போகும் என்பதுதான்.

அதனால் முதல் வாரத்து வேலை நான்கு. உங்கள் ஆதாரைக் காட்டி உங்கள் பெயரில் ஒரு சிம். பிறகு அந்த நம்பரை ஆதாரில் ஏற்றுவது. பிறகு அதே நம்பரை வங்கிக் கணக்கில் ஏற்றுவது. கடைசியாக, உங்கள் பெயரில் ஒரு ஈமெயில். அந்த ஈமெயிலின் பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். மகனுக்குக் கூட வேண்டாம். மகன் நல்ல பிள்ளைதான், ஆனால் அவன் புதுப் போன் வாங்கும்போது பழையதோடு உங்கள் ஈமெயிலும் போய்விடும். மறந்துவிடும் என்று பயமாக இருந்தால் நோட்டில் எழுதி அரிசி டப்பாவுக்கு அடியில் வையுங்கள். கணினிப் பாதுகாப்பு படித்தவர்கள் இதைக் கேட்டால் முறைப்பார்கள். எங்கள் அனுபவத்தில் அரிசி டப்பாவை வீட்டு ஆண்கள் திறப்பதில்லை. ஏ.டி.எம். பின், யூபிஐ பின் இரண்டையும் மட்டும் அங்கேயும் எழுத வேண்டாம்.

ஆதாரில் ஒரு பெயர், பள்ளி டி.சி.யில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பி.எஃப். கணக்கு தொடங்கும்போது ஆதாரோடு பெயரும் பிறந்த தேதியும் பொருந்தாவிட்டால் நிறுவனத்தின் எச்.ஆர். உங்களைத்தான் துரத்துவார்.

இது நம் ஆட்களுக்கென்றே வந்த தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவத்திலோ "லாஸ்ட் நேம்" என்ற கட்டம் நிரப்பாமல் நகராது. ஒருவர் அதில் அப்பா பெயரைப் போடுகிறார், ஒருவர் கணவர் பெயரைப் போடுகிறார், சைபர் சென்டர் பையன் அவசரத்தில் ஊர்ப் பெயரைப் போடுகிறான். டி.சி.யில் எம். லட்சுமி, ஆதாரில் லட்சுமி முருகன், பாஸ்புக்கில் லட்சுமியம்மா. மூவரும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ழகரம் இருந்தால் இன்னும் கஷ்டம். எழிலரசி என்ற பெயரைத் தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் எழுதினால் இசட், எச் வரும். இங்கே எழுதிக்கொடுத்தவர் காதில் விழுந்தபடி எல் போட்டிருப்பார்.

எங்கள் ஆலோசனை இது. டி.சி.யோ பத்தாவது மார்க் ஷீட்டோ இருந்தால் அதிலுள்ள எழுத்தையே தலைமையாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். அதனால் போகும் முன் எழுத்துக்கூட்டி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கவுண்டரில் இருப்பவர் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டுத்தான் சரி சொல்லுங்கள். பான் இல்லையென்றால், ஆதாரில் உங்கள் நம்பர் ஏறிவிட்டாலே வருமான வரித் துறையின் தளத்தில் இ-பான் இலவசமாக எடுக்கலாம். அதற்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும்.

இன்னொன்று, முகவரி. கர்நாடக முகவரியோடு அடையாள அட்டை இருந்தால்தான் மாநில அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு பஸ் டிக்கெட் இலவசம். 2023 ஜூன் 11-லிருந்து அது நடப்பில் இருக்கிறது. ஊர் முகவரியை விட மனசில்லாமல் வைத்திருக்கிறவர்கள் தினமும் காசு கொடுத்துத்தான் வருகிறார்கள். ஊரில் ரேஷன் கார்டு, ஓட்டு என்று ஆயிரம் கணக்கு இருக்கும், அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஃபீஸ் எவ்வளவு?

இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள்.

என்னதான் சொல்லித் தருகிறீர்கள்? எத்தனை மாதம்?

மூன்று மாதம், வாரத்தில் ஐந்து நாள், மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு வரை. வீட்டு வேலை முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன் கிடைக்கும் இடைவெளி அது. முதலில் மாலை ஆறு மணிக்கு வைத்தோம், ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை வைத்தோம், துணி துவைக்கிற நாள் என்றார்கள். காவேரித் தண்ணீர் விடுகிற நாளில் இப்போதும் பாதி அறை காலிதான். அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. மறுநாள் அதே பாடத்தைத் திரும்ப நடத்துகிறோம்.

பாடத்தில் அதிக நேரம் எடுப்பது எக்செல். "அட்டவணையில் ஐந்து மாணவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டு" என்று புத்தகத்தில் இருக்கும் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தோம், எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். அப்புறம் ஏலச்சீட்டுக்கு மாறினோம். இருபது பேர், மாதம் ஆளுக்கு ஆயிரம், மொத்தம் 20,000. இந்த மாதம் ஒருத்தி 4,000 தள்ளி 16,000-க்கு எடுக்கிறாள். தள்ளியதில் சீட்டு பிடிக்கிறவருக்கு கமிஷன் 1,000 போக மீதி 3,000. அதை இருபதால் வகுத்தால் ஆளுக்கு 150. ஆக இந்த மாதம் கட்ட வேண்டியது 850. இதை மனக்கணக்கில் நொடியில் சொல்லிவிடுவார்கள். எக்செலில் தள்ளுபடியை ஒரு கட்டத்தில் போட்டு, கழித்து வகுக்கிற சூத்திரத்தை அடுத்த கட்டத்தில் எழுதி, கீழே இழுத்தால் இருபது மாதத்துக்கும் கணக்கு தானாக விழும். அந்த நொடியில் அறையில் எழும் சத்தம் இருக்கிறதே! "அப்போ போன வருஷம் அவ எங்களை ஏமாத்தியிருக்கா" என்று ஒரு அக்கா எழுந்தே விட்டார். சூத்திரம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருப்பதில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாகத்தான். எஃப், ஜே இரண்டு எழுத்திலும் தடவிப் பார்த்தால் சின்ன மேடு இருக்கும். அங்கே ஆள்காட்டி விரல் வைத்துப் பழகினால் நிமிடத்துக்கு இருபத்தைந்து, முப்பது வார்த்தை வந்துவிடும். ஈமெயிலில் கோப்பு இணைத்து அனுப்புவது, கூகுள் படிவம் நிரப்புவது, பி.டி.எஃப். ஆக்குவது, அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஆவணம் எடுப்பது, வீடியோ அழைப்பில் நேர்முகத் தேர்வுக்கு உட்காருவது. பின்னால் துணிக்கொடி தெரியாமல் எங்கே உட்கார்வது என்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

இங்கிலீஷ் வராது.

நாவல் படிக்கிற இங்கிலீஷ் தேவையில்லை. திரையில் வரும் நூறு, நூற்றைம்பது வார்த்தைகள் தெரிந்தால் போதும்: சேவ், சப்மிட், பெண்டிங், இன்வாய்ஸ், ரிமார்க்ஸ் இந்த மாதிரி. ஒரு நோட்டில் அப்படியே வரைந்து, பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வரியில் ஒரு ஈமெயில் எழுதப் பழகுங்கள். பெரிதாக எழுதினால்தான் பிழை வரும்.

கன்னடம் நன்றாகப் பேசுவேன், படிக்கத் தெரியாது. அது குறையா?

பேசுவதே பெரிய சொத்து. அதை யாரும் சொத்தாக நினைப்பதில்லை, நீங்களும் சேர்த்துத்தான். பயோடேட்டாவில் "தெரிந்த மொழிகள்" என்ற இடத்தில் தமிழ் என்று மட்டும் எழுதிவிட்டு வந்து நிற்பார்கள். விசாரித்தால் வேலை செய்யும் வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் உருது கலந்த இந்தி, நாலும் தண்ணீராய் வரும். இந்த ஊரில் கஸ்டமர் கேர் நிறுவனங்கள் தேடுவது இதைத்தான். தமிழிலும் கன்னடத்திலும் கோபக்காரரைச் சமாதானப்படுத்திப் பேசத் தெரிந்தவருக்கு மென்பொருளைச் சொல்லித் தந்துவிடலாம். மென்பொருள் தெரிந்தவருக்கு அந்தப் பேச்சைச் சொல்லித் தருவது கஷ்டம்.

ஆனாலும் கன்னட எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு இரண்டு மாதம் பிடிக்கும். பஸ் போர்டிலேயே தொடங்கலாம். பில்லிங் கவுண்டரிலும் ஆஸ்பத்திரி மேசையிலும் அது கூடக் கை கொடுக்கும்.

என்ன வேலை கிடைக்கும்?

எங்களிடமிருந்து போனவர்கள் போன இடங்களைச் சொல்கிறேன். சூப்பர் மார்க்கெட் பில்லிங், ஆஸ்பத்திரி ரிசப்ஷன், மருந்துக் கடை, பள்ளி ஆபீஸ், கொரியர் கிடங்கில் ஸ்கேனிங், தமிழ்–கன்னட கஸ்டமர் கேர். கார்மெண்ட்ஸில் இருந்த ஒருவர் அதே தொழிற்சாலையில் தையல் வரிசையிலிருந்து உற்பத்திக் கணக்கு எழுதும் மேசைக்கு மாறினார். இது எனக்கு மிகவும் பிடித்த கதை. அவருக்குத் துணியும் தெரியும், வரிசையும் தெரியும், இப்போது எக்செலும் தெரியும். அவர் சொல்லும் எண்ணிக்கையை மேற்பார்வையாளரால் மழுப்ப முடிவதில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனி வேலை என்று யாராவது மூன்று மாதத்தில் வாங்கித் தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

மூன்று வீட்டில் வேலை செய்தால் இப்போதே கிட்டத்தட்ட அதே பணம் வருகிறதே. எதற்கு மாற வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆரம்பச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மாறாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். சிலருக்கு அது உண்மையும் கூட. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வீட்டில் சொல்லிவிட்டு வரலாம், பில்லிங் கவுண்டரில் முடியாது.

கணக்கை முழுதாகப் போடுங்கள். உதாரணத்துக்கு மொத்தச் சம்பளம் 16,000, அதில் பேசிக் என்கிற அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைப்போம். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 பிடிப்பார்கள். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 120. கையில் வருவது 14,440. "பதினாறு என்று சொல்லிவிட்டு ஏமாற்றிவிட்டான்" என்று முதல் மாதம் எல்லோரும் வந்து சொல்வார்கள். ஏமாற்றவில்லை. அந்த 1,440-க்குச் சமமாக நிறுவனமும் போட வேண்டும், அது உங்கள் பணம். இ.எஸ்.ஐ.க்கு நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. அந்த அட்டை இருந்தால் ராஜாஜிநகர், இந்திராநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் பார்க்கலாம். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இது உண்டு. வீட்டு வேலையில் உண்டா?

சேரும் நாளில் கேட்க வேண்டியது: இ.எஸ்.ஐ. உண்டா, பி.எஃப். உண்டா, அப்பாயின்மென்ட் லெட்டர் எப்போது தருவீர்கள். பி.எஃப். பிடித்தால் யூ.ஏ.என். என்ற 12 இலக்க எண் கிடைக்கும். பணம் ஏறுகிறதா என்று போனிலேயே பார்க்கலாம். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற இடங்களும் இருக்கின்றன, எங்கள் பெண் ஒருத்தி அப்படித்தான் ஐந்தாவது மாதம் கண்டுபிடித்தாள்.

அரசாங்கத்தில் இலவசப் பயிற்சி இருக்கிறதாமே? சான்றிதழ் வேண்டாமா?

இருக்கிறது. கிராமத்து வீடுகளுக்கு 2017-இல் தொடங்கிய டிஜிட்டல் சாக்ஷரதா என்ற கணினி எழுத்தறிவுத் திட்டத்தைக் கேள்விப்பட்டு வருகிறார்கள். அது கிராமங்களுக்கு மட்டும்தான், 2024 மார்ச்சோடு முடிந்தும்விட்டது. நகரத்துக் குடிசைப் பகுதிப் பெண் அதில் எங்கேயும் வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் திட்டத்தில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் பயிற்சி உண்டு, கட்டணம் கிடையாது. ஸ்கில் இந்தியா தளத்தில் பக்கத்து மையத்தைத் தேடலாம். மையத்துக்கு நேரில் போய், கணினி ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் சி.சி.சி. என்ற 80 மணி நேரக் கணினிப் படிப்புக்குக் கல்வித் தகுதி எதுவும் கேட்பதில்லை. தேர்வுக்கு மட்டும் கட்டணம். பத்தாவது முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் கோபா என்ற ஓராண்டுக் கணினிப் படிப்பைப் படிக்கலாம், எல்லாவற்றிலும் கனமானது அதுதான்.

ஆனால் எங்களைக் கேட்டால், எட்டாவதோடு நின்றவர்கள் கணினிச் சான்றிதழுக்கு முன் பத்தாவதை முடிப்பது நல்லது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பிய யாரும் எழுதலாம், மேல் வயது வரம்பில்லை, ஐந்து பாடம், தமிழிலேயே எழுதலாம். பல வேலை விளம்பரங்களில் "எஸ்.எஸ்.எல்.சி." என்ற ஒரு வார்த்தையில்தான் கதவு மூடிக்கொள்கிறது.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, தினம் ரெண்டாயிரம் என்று மெசேஜ் வருகிறது. சேரலாமா?

வேண்டாம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கணினி கற்ற பெண்களைத்தான் இது முதலில் பிடிக்கிறது.

வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலையில்லை. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும்.

பணமே கேட்காமலும் ஒரு வலை உண்டு. படிவம் நிரப்பும் வேலை கொடுப்பார்கள், ஆன்லைனில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஐந்து நாள் ராப்பகலாய் டைப் அடித்து முடித்ததும் "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்ட ஈடு கட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். அசோகச் சின்னம், நீதிமன்ற முத்திரை எல்லாம் இருக்கும். எங்கள் வகுப்பில் படித்த ஒரு பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து, கம்மலை அடகு வைக்கப் போகும் வழியில்தான் எங்களிடம் வந்தாள். ஒரு பைசா கட்டவில்லை. நம்பரை பிளாக் செய்தோம், புகார் கொடுத்தோம், அதற்குப் பிறகு எந்த நீதிமன்றமும் கூப்பிடவில்லை.

இன்னொன்று டெலிகிராமில் வரும். வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய், ஹோட்டலுக்கு ஸ்டார் போட்டால் 200. முதல் இரண்டு நாள் நிஜமாகவே பணம் வரும். மூன்றாம் நாள் "ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு" என்பார்கள். அங்கிருந்து சரிவுதான். "உங்கள் பேங்க் அக்கவுண்டை வாடகைக்குக் கொடுங்கள்" என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போட வேண்டியதே இல்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த மணி நேரத்திலேயே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க முடியும். கணவருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று மூன்று நாள் மறைத்தவர்களுக்குத்தான் பணம் திரும்பாமல் போனது.

வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். என்ன செய்வது?

எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் இல்லை. "போனில் என்ன பண்ணுகிறாய்" என்று கேட்கிற ஆளிடம் மின் கட்டணத்தை ஆன்லைனில் கட்டிக் காட்டுங்கள், பையனின் ஸ்காலர்ஷிப் படிவத்தை நிரப்பிக் காட்டுங்கள். சைபர் சென்டரில் கொடுக்கும் காசு மிச்சமானால் பேச்சு குறைகிற வீடுகள் உண்டு. கணவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பைக் காட்டினோம். இரண்டு பேர் தங்களுக்கும் சொல்லித் தரக் கேட்டார்கள். ஒருவர் மறுநாளிலிருந்து மனைவியை அனுப்பவில்லை.

அடி உதை இருக்கிற வீடு என்றால் அதைப் பாடத்தோடு சேர்த்துப் பேச முடியாது. 181 பெண்கள் உதவி எண். எங்களிடம் தனியாகச் சொல்லலாம்.

நைட் ஷிப்ட் போகச் சொல்கிறார்கள்.

கஸ்டமர் கேரில் கேட்பார்கள். இரவில் பெண்களை அமர்த்தினால் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும் வண்டியை நிறுவனம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், உங்கள் கைக்காசு அல்ல. வண்டி உங்கள் தெரு முனை வரை வருமா, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுமா என்று சேரும் முன் கேளுங்கள். டேனரி ரோட்டில் இரவு இரண்டு மணிக்கு இறங்கி உள்ளே நடப்பது வேறு விஷயம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தினார்கள். இருக்கிறதா என்று கேட்டால் முறைப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

ஆபீஸில் யாராவது தப்பாக நடந்தால்?

வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றாலோ, வீட்டு வேலை செய்யும் வீடு என்றாலோ மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். ஆமாம், வீட்டு வேலைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வந்த மெசேஜை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் ஈமெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி டைப் அடிக்கிற வேலையே இருக்காது என்கிறார்களே?

பார்த்து அப்படியே அடிக்கிற வேலை குறைந்துகொண்டுதான் வருகிறது, மறைப்பதில் பயனில்லை. பில்லை ஸ்கேன் செய்தால் இயந்திரமே படித்துவிடுகிறது. ஆனால் டாக்டர் கையெழுத்தில் தடுமாறுகிறது, எம். லட்சுமியையும் லட்சுமி முருகனையும் இரண்டு ஆளாக்கிவிடுகிறது. படித்தது சரியா என்று பார்க்கும் கண் தேவைப்படுகிறது. அதனால் டைப்பிங்கை மட்டும் நம்பி நிற்காதீர்கள் என்றுதான் இப்போது சொல்கிறோம். ஆளோடு பேசும் மேசை, கணக்கைச் சரிபார்க்கும் மேசை, இவற்றின் பக்கம் நகருங்கள். போனில் இருக்கும் ஏ.ஐ.யை நீங்களும் பயன்படுத்துங்கள்: வந்த இங்கிலீஷ் ஈமெயிலைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆதார் நம்பரையும் பாஸ்புக்கையும் அதில் போட வேண்டாம்.

எங்கள் ஆபீஸில் பழைய லேப்டாப்கள் இருக்கின்றன. கொடுக்கலாமா?

கொடுங்கள். ஐந்தாறு வருடப் பழசு பரவாயில்லை. பேட்டரி அரை மணி நேரமாவது நிற்க வேண்டும், எங்கள் பக்கம் மதியம்தான் கரண்ட் போகும். உங்கள் ஆபீஸ் கோப்புகளை அழித்துவிட்டுத் தாருங்கள். எழுத்து அழிந்துபோன கீபோர்டு வேண்டாம், கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது தண்டனை. போன முறை பதினொரு லேப்டாப் வந்தது, சார்ஜர் நாலுதான் வந்தது. சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கள்.